மூன்றாம் பாகத்தில் அப்பா

"சத்தத்தைக் கூட்டுங்க, மாமா டிவில வர்றாரு!" என்றாள் தம்பி மனைவி.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலை ஷிப்ட் முடித்து வந்த அக்கா, கைப்பையைக்கூட இறக்காமல் கதவோரம் நின்றாள். டிவியில், அவள் ஒருகாலத்தில் இருந்த ஆசிரமத்தைப் பற்றிய ஆவணத் தொடர். மூன்றாம் பாகம். திரையில் அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பதினாலு வயசுங்க அவளுக்கு. சேவைன்னு சொல்லி ஏமாத்திக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

அக்காவை யாரும் கூட்டிப் போகவில்லை. புது உடுப்புப் போட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்து, அவரேதான் கொண்டுபோய் விட்டார். மகளை அனுப்பிய அப்பாக்களுக்கு ஆசிரமச் சபையில் முன்வரிசை இடம். அங்கே நடந்ததைச் சொல்லி அழுதுகொண்டு அவள் இரண்டு முறை ஓடிவந்தாள். இரண்டு முறையும் அதே பஸ்ஸில் திரும்ப ஏற்றினார். ஏழு வருஷம் கழித்து, போலீஸ் அங்கே பூட்டுப் போட்ட பிறகுதான் வீடு வந்தாள்.

"ரெண்டு தடவ ஓடி வந்தேனே, அதை ஏம்ப்பா சொல்லல?"

சோபாவில் இருந்த அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதெல்லாம் எதுக்கும்மா இப்ப?"

"என்னைக் கேக்கவே இல்லையா, படம் எடுத்தவங்க?"

"கேட்டாங்க. உனக்கு ஒண்ணும் ஞாபகமில்லைன்னு நான்தான் சொல்லிட்டேன். உன் நல்லதுக்குத்தான்."

"விடுக்கா, அவருக்கு பிரஷர் இருக்கு" என்றான் தம்பி.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், சூடு ஆறாத படுக்கை விரிப்புகளுக்கு நடுவே நின்று, தொடர் எடுத்தவர்களின் அலுவலகத்துக்கு போன் போட்டு, தானும் பேச வேண்டும் என்றாள். ஒரு பெண் கனிவாகத்தான் பேசினாள். "எல்லாப் பாகமும் முடிச்சாச்சு மேடம். இனிமே மாத்த முடியாது. ஆனா உங்க அப்பா பேசினதுதான் எங்க எல்லாரையும் அழ வெச்சிருச்சு."

சாயங்காலம் மாடிப்படியில் எதிர்வீட்டு டீச்சரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"பார்த்தேம்மா. என்னமா துடிக்கிறாரு மனுஷன்! இப்படி ஒரு அப்பா கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்."

அவள் மெல்லக் கையை உருவிக்கொண்டாள்.

"குடுத்தது நான் இல்லைங்க. அவருதான்."

டீச்சரம்மாவுக்கு விளங்கவில்லை. சிரித்தபடி தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

அப்பாவைப் பார்க்க வந்தவர்களின் செருப்புகள் வாசலை அடைத்துக் கிடந்தன. தன்னுடையதைக் கழற்ற இடமில்லாமல் அவள் வெளியிலேயே நின்றாள்.