உளவுப் படத்தில் ஒரு வெள்ளைக் கோடு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது ராணுவக் கதையாகத்தான் தொடங்கியது. வல்லரசுகள், ராக்கெட்டுகள், ரகசிய அறைகள் என்று நாற்பது பக்கம் குறிப்பு வைத்திருந்தேன். முதல் வரியும் தயார்:

1960 ஆகஸ்டில், பசிபிக் கடலுக்கு மேலே, வானத்திலிருந்து இறங்கிய பாராசூட்டை ஒரு விமானம் கொக்கி போட்டு...

(அடித்துவிட்டேன். பாராசூட்டை விட ஒரு மாட்டுக் கொட்டகை என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது.)

2

குறிப்புகளில் இவ்வளவு போதும். அறுபதுகளில் அமெரிக்க உளவுக்கோள்கள் பிலிமில் படமெடுத்து, சுருளைக் கூடையில் வைத்துக் கீழே அனுப்பின. தேடியது ஏவுகணைகளை. சிக்கியதில் வயல்வெளிகளும் உண்டு. தொண்ணூற்றைந்தில் ரகசியம் விலகியது. இன்று யாரும் அந்தப் படங்களில் தன் ஊரைத் தேடலாம்.

[கூடை கடலில் விழுந்தால் மிதக்கும். இரண்டு நாளில் எடுக்க ஆள் வராவிட்டால், அடியிலிருக்கும் உப்பு அடைப்பு கரைந்து தானே மூழ்கும். இதற்குக் கதையில் வேலையே இல்லை. விட மனசு வரவில்லை.]

3

இளவரசி சாலவாக்கம் பக்கத்தில் ஒரு சிற்றூரின் ஏரிப் பாசன சங்கத் தலைவி. ஆறு வருடமாக அவர்கள் ஏரி நிரம்பவில்லை. மழைநீரைக் கொண்டுவரும் கால்வாய் தூர்ந்து, போன தடமே தெரியவில்லை. பழைய வரைபடத்தில் அந்த மூலையைக் கரையான் தின்றிருந்தது. தடத்தைக் காட்டினால் வெள்ளிக்கிழமை தூர்வார அரசு பொக்லைன் வரும். இல்லாவிட்டால் அது அடுத்த ஊருக்குப் போய்விடும்.

சென்னையில் வரைபடக் கம்பெனியில் வேலை செய்யும் நாத்தனார் கீதா, 1967 மே மாதத்துக் கறுப்பு வெள்ளை உளவுப் படம் ஒன்றைத் தேடிப்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஊரே பார்க்கட்டும் என்று இளவரசி அதை உத்திரமேரூர் பிளக்ஸ் கடையில் கொடுத்தாள். கல்யாணமோ காதுகுத்தோ, வந்த முகத்தையெல்லாம் வெளுப்பாக்கித் தருவது கடைக்காரர் சிவக்குமாரின் கைப்பழக்கம். இதையும் நன்றாக வெளுப்பாக்கி, மூலைக்கொரு ரோஜா வைத்து, எட்டடியில் அடித்துக் கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை பால் சொசைட்டிச் சுவரில் பிளக்ஸைக் கட்டினார்கள். அதில் தெரிந்தது ஒரே ஒரு கறுப்புக் கோடு. அது ராஜாராமின் மல்லிப்பூத் தோட்டம் வழியாக ஏரிக்குப் போனது. தண்ணீர் கறுப்பாகத்தான் தெரியும், இதுதான் கால்வாய் என்று ஊர் முடிவு கட்டியது.

"அது எங்க நைனா காலத்து வண்டிப்பாதைபா. ரெண்டு பக்கமும் பனமரம். அதான் கறுப்பா கீது," என்றார் ராஜாராம்.

"தோட்டம் பூடுமேன்னு சொல்றியாண்ணா?" என்றாள் இளவரசி. எல்லோரும் சிரித்தார்கள். அவர் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

4

அவர் முகம் அவளை உறுத்தியது. சாயங்காலம் போனில் அசல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில், வளைந்து நெளிந்து ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. உளவுக்காரர்கள் மேகமில்லாத நாளில்தான் படமெடுப்பார்கள். அதுவும் மே மாதம். கால்வாயில் தண்ணீர் ஏது? மணல்தான் இருக்கும், மணல் வெள்ளை. அந்த வெள்ளையைத்தான் பிளக்ஸ் கடை வெளுத்துத் தொலைத்திருந்தது.

விரலால் கோட்டைப் பின்தொடர்ந்தாள். கோயில் குளத்தைத் தாண்டி, மேட்டுத்தெருவைத் தாண்டி, போன தை மாதம் அவளும் கணவன் சுகுமாரும் கட்டிய மாட்டுக் கொட்டகை இப்போது நிற்கும் இடத்துக்குள் அது நுழைந்தது. சிமென்ட் தரை, தகரக் கூரை, மூன்று பசுவுக்கும் மின்விசிறி.

5

முடிவு அ: அவள் படத்தை அழித்துவிடுகிறாள். ராஜாராமின் மல்லி போகிறது. (இரண்டு பக்கம் எழுதினேன். கனமான முடிவு. இளவரசி அதற்குள் அடங்கவில்லை.)

முடிவு ஆ: கொட்டகைத் தூணைக் கட்டிக்கொண்டு அவள் கதறி... (மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் வேளை. அழ எங்கே நேரம்?)

நடந்தது இது.

"இன்னாங்க, ஒரு பேஜாரு. கால்வா நம்ப கொட்டாய்லதான் போவுது."

சுகுமார் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தான். "வேற யார்னா பாத்தாங்களா?"

"ஆகாசத்துலேர்ந்து ஒர்த்தன் பாத்துட்டான்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாட்ட எங்க கட்றது?"

"ராஜாராம் அண்ணன் தோட்டத்துல. மன்னிப்பு கேக்கசொல்லோ அதையும் சேத்து கேட்டுடறேன்."

6

வியாழக்கிழமை ஊர் முன்னால் போனைக் காட்டி மன்னிப்பு கேட்டாள். ராஜாராம் விறைப்பாகத் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "மாட்ட ஓட்டியா. மல்லில மட்டும் வாய வெச்சுது, அப்புறம் கீது," என்றார்.

வெள்ளிக்கிழமை தகரத்தைக் கழற்றினார்கள். பொக்லைன் தரையை உடைத்து இரண்டடி இறங்கியதும் வெள்ளை வெளேரென்று ஆற்றுமணல் வந்தது. ஊரே விசிலடித்தது. இளவரசி ஒரு கை அள்ளிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. கதை எழுதுபவன் இதைச் சொல்லக்கூடாதாம், சொல்லிவிட்டேன்.

7

கால்வாய் தயார். ஏரி நிரம்புவதுதான் பாக்கி. அதை எழுதினால் நீங்கள் என்னை நம்பமாட்டீர்கள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். இன்று மத்தியானமும் எத்தனையோ நாடுகளின் உளவுக்கோள்கள் சாலவாக்கத்துக்கு மேலே போயிருக்கும். படத்தில் மேகம் தவிர ஒன்றுமே விழுந்திருக்காது. (ரேடார் மேகத்தையும் துளைக்கும் என்று ஒருவர் கடிதம் போடுவார். தெரியும் ஐயா, இது பிலிம் கதை.) அவர்களுக்கு இது கெட்ட நாள். கொட்டகை இருந்த இடத்தில் இளவரசி அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறாள்.

பெய்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். உத்திரமேரூரில் பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள். நனைந்து திரும்பினால், கடைசி வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.