அழுக்குப் பையிலிருந்த சட்டை

நாய்க்குட்டிக்குத் துரை என்று பேர் வைத்தவர் அவள் கணவர். தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, பிடிக்கவில்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தோரணை அப்படி. பக்கவாதம் வந்த பிறகு சுவரையே வெறித்துக்கொண்டு கிடந்த மனிதரை மறுபடியும் வாய் திறக்க வைத்தது அந்தக் கையளவு ஜீவன்தான்.

அவள் நர்ஸாக வேலை பார்க்கும் விலங்கு மருத்துவமனையிலேயே, தொற்று நோய்க்கான தனியறையில், துரை இப்போது கிடந்தது. பார்வோ வைரஸ். முதல் தடுப்பூசி மட்டும்தான் போட்டிருந்தது, அது போதவில்லை. காலில் குளுக்கோஸ் ஏற ஏற, பின்னால் ரத்தமாகப் போனது. எத்தனையோ குட்டிகளை இதே கூண்டிலிருந்து துணி சுற்றி எடுத்தவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பாழாய்ப்போன அனுபவம், ஒரு நாளாவது நம்பிக்கொண்டிருக்க விடாதா?

எப்படி வந்தது என்பதுதான் பிடிபடவில்லை. செருப்பை வாசலிலேயே பிளீச்சிங் தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவாள். வேலைச் சட்டையைப் பையில் கட்டி வைத்துத் தனியாகத் துவைப்பாள்.

கணவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கக்கத்திலிருந்து ஒரு துணியை உருவினார். அவளுடைய வேலைச் சட்டை.

"இதை உள்ள போடு. போன வாரம் நீ வேலைக்குப் போனதும் துரை ஒரே அழுகை. அழுக்குப் பையிலேர்ந்து இதை எடுத்து விரிச்சேன், சமத்தா தூங்கிட்டான். அப்புறம் தினமும் இதுலதான் படுக்கை; நீ வர்றதுக்குள்ள மடிச்சுக் கட்டிலுக்கடியில வச்சிருவேன். நம்ம வாசனை இருந்தா சீக்குக் குட்டிகூட சாப்பிடும்னு நீதானே சொல்லுவே?"

அவள்தான் சொன்னாள். இங்கே வருகிறவர்களிடமெல்லாம் சொல்வதுதான். வாந்தியும் ரத்தமுமாகக் கிடந்த குட்டிகளை அணைத்துத் தூக்கிய சட்டை அது.

இனி என்ன கெட்டுவிடப் போகிறது? கூண்டுக்குள் விரித்தாள். துரை தவழ்ந்து வந்து கைப்பகுதிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது.

"பாத்தியா!" என்றார் அவர், முகமெல்லாம் சிரிப்பாக.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் துரையின் மூச்சு அடங்கிவிட்டது.

கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி அவர் கேட்டார்: "கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்டேனே. எங்கேர்ந்து வந்துச்சு இந்தச் சனியன்?"

உண்மை தொண்டை வரை வந்தது. சொன்னால் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார்; பிறகு யார் எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டார்.

"என் செருப்புலதாங்க. அன்னைக்கு அவசரத்துல முக்காம உள்ள வந்துட்டேன்."

அவர் உதடு கோணி நடுங்கியது. "அப்ப என் பிள்ளையை நீதான் கொன்னியா?"

"ஆமாங்க" என்றாள். சட்டையோடு சேர்த்தே துரையைச் சுற்றினாள்.