பின்சக்கரத்துக்கு இரண்டு பட்டை

துலுக்காணத்தை ஒரு கதவுப் பலகையில் கிடத்தி, நாலு பேர் வண்டிக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு நின்றார்கள். லாசரஸ் பின்தட்டியைத் திறந்துவிட்டான். ஆனால் ஏற்றச் சொல்லவில்லை.

வெறும் வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, முட்ட வரும் மாடு போல மூக்கைத் தாழ்த்தி நின்றது. மிலிட்டரிக்காரர்கள் ஏலத்தில் விட்ட பழைய டாட்ஜ் பிக்கப் அது. லாசரஸ் தினமும் சாயங்காலம் இரும்புலியூரிலிருந்து காலிக் கூடைகளோடு கோவளத்துக்கு வருவான். விடிவதற்கு முன்னால் மீன் ஏற்றிக்கொண்டு தாம்பரம் சந்தைக்குக் கிளம்புவான். மூன்று வருஷமாக இதுதான் அவன் பிழைப்பு. இன்றைக்கும் கூடைகளை இறக்கி முடித்த நேரத்தில்தான் கரையிலிருந்து சத்தம் வந்தது. கரையேறும்போது அலை கட்டுமரத்தைப் புரட்டித் துலுக்காணத்தின் முதுகில் போட்டுவிட்டது.

கேளம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வந்த கம்பவுண்டர் சாம்பசிவன் அவன் கால் பக்கம் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"விரல் இன்னும் அசையுது," என்றார். "தாம்பரத்துல பெரிய டாக்டர் இருக்காரு. தட்டையா படுக்க வெச்சே கொண்டுபோங்க. ஒரு தடவை தூக்கிப் போட்டாலும் போச்சு. அப்புறம் இடுப்புக்குக் கீழ எதுவும் இருக்காது."

குப்பம்மா பலகையில் கிடந்த தன் புருஷனைப் பார்க்கவில்லை. வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாசரஸும் அங்கேதான் பார்த்தான். சக்கரத்துக்கு மேலே, கருப்புப் பூச்சு இன்னும் மங்காமல், புதிய இரண்டு ஸ்பிரிங் பட்டைகள் பழைய பட்டைகளோடு சேர்ந்து இறுகிக் கிடந்தன. போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

பட்டை போட்ட அன்றைக்கு இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஏசுபாதத்தின் ஒர்க்‌ஷாப்பில், குப்பம்மா ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். கோவளத்தில் மீனைச் சேர்த்து அனுப்புவது அவள்தான். அவள் கூடை இல்லையென்றால் லாசரஸின் வண்டிக்கு வேலை இல்லை. பத்துக் கூடைக்கு மேல் ஏற்றினால் வண்டி பின்னால் உட்கார்ந்து டயரில் உரசியது. அதற்காகத்தான் வந்திருந்தார்கள்.

"ஒரு பட்டை கூட்டலாம், ரெண்டு கூட்டலாம்," என்றான் ஏசுபாதம். "ரெண்டு போட்டா பதினாலு கூடை தாங்கும். ஆனா காலியா ஓட்டினா கழுதை மாதிரி உதைக்கும், சொல்லிட்டேன்."

"ஒண்ணு போதும்க்கா," என்றான் லாசரஸ். "எனக்கு லைட்டுதான் முக்கியம். மாம்பாக்கத்துல நடுரோட்டுல எருமை படுத்திருந்தா, கிட்ட போற வரைக்கும் தெரிய மாட்டேங்குது."

"எருமை தானா எய்ந்து போவும் லாசரு. மீனு நமக்காவ நிக்குமா? ரெண்டு போடு."

"காலியா வரும்போது..."

"காலியா வரும்போது இன்னா கீது வண்டில? வெறும் கூடை. கூடைக்கு முதுகு வலிக்குமா?"

ஏசுபாதம் சிரித்தான். இரண்டு பட்டையும் ஏறின. லாரியிலிருந்து கழற்றிய பெரிய ஹெட்லைட்டுகளும் ஏறின. இருட்டில் எப்போதும் பாரத்தோடுதானே ஓட்டுகிறோம் என்று, வண்டியில் கல் ஏற்றிப் பின்பக்கத்தைத் தாழ வைத்து, சுவரில் வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று லாசரஸே நின்று பார்த்துத் திருப்பினான். அந்த வேலையில் அவனுக்கு ஒரு திருப்தி இருந்தது. அதன் பிறகு, பாரம் ஏற்றிய வண்டி குழியில் இறங்கி ஏறுவது தோணி அலையில் ஏறுவது போல இருந்தது. மாம்பாக்கத்து எருமைகள் தூரத்திலேயே கண்ணில் பட்டன.

காலி வண்டியில் ஆள் படுத்து வருவதைப் பற்றி அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

"ரங்கா," என்று துலுக்காணத்தின் தம்பியைக் கூப்பிட்டான் லாசரஸ். "நீ முதல்ல ஏறிப் படு. அந்தச் சவுக்குத் தோப்பு வரைக்கும் போய்ப் பார்க்கலாம்."

உலர்ந்த வலைகளைக் குவித்துப் பரப்பி ரங்கன் மல்லாந்து படுத்தான். லாசரஸ் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினான். தோப்புக்கு முன்னால் பாதையின் குறுக்கே ஒரு சின்ன வாய்க்கால் மேடு. முன்சக்கரம் சாதுவாக ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறியபோது வண்டி உதைத்தது. பின்னால் மரப்பலகையில் ஏதோ மோதும் சத்தம் கேட்டது. அது ரங்கனின் தலை என்று லாசரஸுக்குத் தெரிந்தது.

திரும்பி வந்ததும் ரங்கன் இறங்கி மணலில் துப்பினான். துப்பியதில் ரத்தம் இருந்தது. நாக்கைக் கடித்திருந்தான்.

பலகையைத் தூக்கி நின்றவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பலகையை மெல்லக் கீழே இறக்கினார்கள்.

லாசரஸ் பின்டயர்களில் பாதிக் காற்றை இறக்கினான். கையால் அழுத்திப் பார்த்தான். போதாது. வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. விளக்கைப் போட்டான். பளீரென்று எரிந்த அந்தப் பெரிய விளக்குகளின் ஒளி வண்டியின் மூக்குக்குச் சற்று முன்னால் தரையில் விழுந்து அங்கேயே கிடந்தது. அதற்கப்பால் பாதை தெரியவில்லை. இந்த வெளிச்சத்தில் வண்டலூர் வரைக்கும் எந்தக் குழியும் சக்கரம் இறங்கிய பிறகுதான் தெரியும்.

"கட்டில்ல வெச்சுத் தூக்கிக்கினே போய்டலாமா?" என்றான் ஒருவன்.

"விடிஞ்சிடும்," என்றார் கம்பவுண்டர். "அவ்வளவு நேரம் கிடையாது."

பலகையின் மேல் துலுக்காணம் கண்ணை மூடிக் கிடந்தான். வலி என்று அவன் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. லாசரஸை உறுத்தியது அதுதான். வலித்தால் நல்லது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை யாரிடமும் சொல்ல முடியாது.

தாழ்ந்த விளக்கையும் தூக்கிய பின்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். காலையில் இதே வண்டி இந்தப் பாதையில் எவ்வளவு சாதுவாகப் போனது! வெளிச்சம் எவ்வளவு தூரம் விழுந்தது! காலையில் பதினாலு கூடை இருந்தது.

"அக்கா," என்றான். "வண்டிக்கு பாரம் வேணும். பாரம் இருந்தா உதைக்காது. லைட்டும் நேரா விழும்."

"மணலை அள்ளிக் கொட்டவா?"

"கொட்டின மணல் சரியும். கூடையில வெச்சா கூடை அண்ணா மேலயே விழும். ஆளுங்க வேணும். ஆளுன்னா ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்குவாங்க, பலகையையும் பிடிச்சுக்குவாங்க. நல்லா கனமானவங்களா பத்துப் பன்னிரண்டு பேர்."

குப்பம்மா திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். பாதிக் குப்பம் அங்கேதான் நின்றது. ரங்கனும் பலகை தூக்கியவர்களும் வண்டிக்குப் பக்கத்தில் வந்தார்கள். மற்றவர்கள் அசையவில்லை. இருட்டுகிற நேரத்தில் தாம்பரம் போனால் திரும்புவது எப்படி என்ற யோசனை மட்டும் இல்லை அது. பதினாலு கூடை ஏற்றும்படி வண்டியைப் பலப்படுத்திய பிறகும், அந்தப் பதினாலில் யார் கூடைக்கு இடம், யார் கூடைக்கு இல்லை என்று குப்பம்மாதான் பிரித்தாள். இடம் கிடைக்காதவர்கள் கேளம்பாக்கம் வரை தலைச்சுமையாக நடந்தார்கள். அவர்கள் எல்லோரும் இங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.

"வாங்க," என்றாள் குப்பம்மா. அவள் குரல் அவளுடையதாக இல்லை. "ஏறுங்க."

யாரும் ஏறவில்லை. கம்பவுண்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அங்காளம்மாள் முன்னால் வந்தாள். அந்தக் குப்பத்திலேயே பெரிய உடம்பு அவளுக்கு. குப்பம்மாவோடு அவளுக்குப் பேச்சு இல்லை. இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என் கூடைக்கு எடம் இல்லனியே மே. எனக்கு கீதா எடம்?"

குப்பம்மா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அய்ய, இன்னா முயிக்கிற? நகரு." அங்காளம்மாள் பின்தட்டியைப் பிடித்தாள். "ரங்கா, கை குடுடா. என்னை ஏத்தினா ரெண்டு கூடை கணக்கு."

அவள் ஏறியதும் வண்டி ஒரு விரற்கடை இறங்கியது. லாசரஸ் அதைக் கண்ணால் பார்த்தான். அடுத்து அவள் மருமகள் ஏறினாள். பிறகு இன்னும் இரண்டு பெண்கள். அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பலகையை நடுவில் வலைமேல் வைத்து, இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். லாசரஸ் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, வளைந்திருந்த பட்டைகள் ஒவ்வொன்றாக நிமிர்வதைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் ஒருத்தர்," "இன்னும் ஒருத்தர்," என்றான். விளக்கின் ஒளி தரையிலிருந்து மெல்ல எழுந்து பாதையில் நீண்டது. சவுக்குத் தோப்பின் அடிமரங்கள் வெள்ளையாகத் தெரிந்தபோது, "போதும்," என்று எழுந்தான்.

குப்பம்மா கடைசியாக ஏறித் துலுக்காணத்தின் காலடியில் உட்கார்ந்தாள். வாய்க்கால் மேட்டில் வண்டி ஏறி இறங்கியது. வண்டி உதைக்கவில்லை.

கேளம்பாக்கம் தாண்டி வண்டலூர் பாதையில் திரும்பினார்கள். கேபினின் பின்கண்ணாடி எப்போதோ உடைந்து, அந்த இடத்தில் ஒரு சாக்கு தொங்கியது. லாசரஸ் அதைச் சுருட்டி மேலே செருகியிருந்தான். பின்னால் நடப்பது காதில் விழ வேண்டும். ஆனால் விழுவதற்கு ஒன்றும் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும் இடத்தில் இவ்வளவு அமைதியை அவன் கேட்டதில்லை.

பாதையை மட்டும் பார்த்தான். ஒவ்வொரு குழியும் முன்கூட்டியே தெரிந்தது. சுற்றிப் போக இடம் இருந்தால் சுற்றினான். இல்லாவிட்டால் கிட்டத்தட்ட நிறுத்தி, அங்குலம் அங்குலமாக இறக்கினான். ஒன்று போதும் என்று அன்றைக்கு இன்னொரு முறை சொல்லியிருந்தால் என்ற நினைப்பு வந்தது. சொல்லியிருந்தால் என்ன? குப்பம்மா இரண்டு என்றுதான் சொல்லியிருப்பாள். அவள் இப்போது என்ன நினைத்துக்கொண்டு வருகிறாள் என்று தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அவன் விரும்பவும் இல்லை.

மாம்பாக்கம் தாண்டும்போது அவள் குரல் கேட்டது. தாழ்ந்த குரல்.

"வெரலு அசையல."

அவள் ரங்கனைக் கூப்பிட்டாள்.

"ரங்கா, வெரலு அசையலடா. கோவளத்துல அசைஞ்சிது."

"அண்ணன் தூங்குது போல அண்ணி."

"தூங்கலடா. கண்ணு தொறந்துக்கினு கீது. ஒண்ணுமே பேச மாட்டேன்றாரு."

லாசரஸின் கால் தானாகவே ஆக்சிலேட்டரை அழுத்தப் போனது. அவன் அதைத் தடுத்துக்கொண்டான். வேகமாகப் போவதில் பயனில்லை. மெதுவாகப் போவதிலும் பயன் முடிந்துவிட்டதா என்று தெரியாது. எந்தக் குழியில் அது நடந்தது? அவன் எல்லாக் குழிகளையும் நினைத்துப் பார்த்தான். ஒன்றிலும் வண்டி உதைக்கவில்லை. உதைக்காமலே நடந்திருக்குமா?

கண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால் பாதையின் பாதியை வெட்டிப் போட்டிருந்தார்கள். சாயங்காலம் அவன் வந்தபோது அது இவ்வளவு அகலமாக இல்லை. விளக்கில் அந்தக் கருப்பு விளிம்பு தூரத்திலேயே தெரிந்தது. லாசரஸ் பிரேக்கை மெல்ல மிதித்தான். வண்டி குலுங்காமல்தான் நின்றது. ஆனால் அத்தனை பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்ததால், எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் முன்பக்கமாகச் சாய்ந்தார்கள். பின்னால் யாரோ தடுமாறினார்கள்.

"எவ அவ!" என்று ஒரு குரல் கத்தியது. "எரும மாரி கால மெதிக்கிறவ எவடீ!"

எல்லோரும் அப்படியே உறைந்தார்கள். அது துலுக்காணத்தின் குரல்.

"நான்தான்," என்றாள் அங்காளம்மாள். "வேணும்னு மெதிக்கலப்பா. சாய்ஞ்சிட்டேன்."

"கண்ணு தெரில? ஐயோ, வெரலு போச்சி!"

லாசரஸ் என்ஜினை நிறுத்திவிட்டான். ஏன் நிறுத்தினான் என்று அவனுக்கே தெரியவில்லை. திரும்பி, பின்கண்ணாடி இல்லாத அந்தச் சதுரத்தின் வழியாகப் பார்த்தான். இருட்டில் தலைகள் மட்டும் தெரிந்தன.

"எந்தக் காலு?" என்றாள் குப்பம்மா.

"இன்னா எந்தக் காலு? இவ மெதிச்ச காலு!"

"சோத்தாங்கைப் பக்கமா?"

"ஆமா. ஏன் மே உயிரை வாங்குற?"

"அந்தக் காலு?" என்றாள் குப்பம்மா. "பீச்சாங்கைப் பக்கத்துக் காலு?"

துலுக்காணம் பேசவில்லை.

"நான் மெதிச்சிப் பாக்கட்டா?" என்றாள் அங்காளம்மாள்.

"நீ மெதிச்சா எலும்பு இருக்குமா? சும்மா கெட."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். குப்பம்மா அந்த இன்னொரு காலின் பக்கம் குனிவது தெரிந்தது. அவள் என்ன செய்கிறாள் என்று லாசரஸுக்குத் தெரியவில்லை. ஏரிப்பக்கம் தவளைகள் கத்தின. வெட்டிப் போட்ட பாதையின் ஓரத்தில் மண் கொஞ்சமாகச் சரிந்து விழுந்தது. அங்காளம்மாள் தன் பெரிய கையைக் குப்பம்மாவின் முதுகில் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

லாசரஸ் அந்த மௌனத்தை எண்ணாமல் இருக்கப் பார்த்தான். அது நீண்டுகொண்டே போனது. இதற்கு மேல் நீளக் கூடாது என்று நினைத்த இடத்தையும் தாண்டிப் போனது. அவன் பாதைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வுடு மே," என்றான் துலுக்காணம். அவன் குரல் சோர்ந்திருந்தது. "நகம் குத்துது."

குப்பம்மாவின் மூக்கு உறிஞ்சும் சத்தம் ஒரு முறை கேட்டது.

"ஆபத்து இன்னும் முடியல," என்றான் லாசரஸ், பின்னால் திரும்பாமல். "யாரும் அசையாதீங்க. பலகையைப் பிடிச்சுக்கோங்க."

என்ஜினைக் கிளப்பி, முதல் கியரிலேயே, வெட்டிய பள்ளத்தின் ஓரமாக வண்டியை நகர்த்தினான். பின்சக்கரம் விளிம்பைத் தொட்டு, கனத்தோடு, சாதுவாக இறங்கி ஏறியது.

குப்பம்மா புருஷன் காலை விடவில்லை. பீர்க்கன்கரணை ஏரிக்கரை வந்து, தாம்பரத்து விளக்குகள் தெரிகிற வரைக்கும் துலுக்காணம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தான்.