பரவாயில்லை என்றால் வலிக்கிறது

அந்த ஆஸ்பத்திரியில் தையல் மேடத்தைத் தெரியாதவர் கிடையாது. அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில் சதை பலவீனப்பட்டுக் குடல் பிதுங்கி வருமே, குடலிறக்கம், அதைச் சரிசெய்வதில் அவர் கைராசிக்காரர். பிதுங்கியதை உள்ளே தள்ளி, ஓட்டையின் மேல் ஒரு செயற்கை வலையை விரித்து, அது நகராமல் தையல் போடுவார். அந்தத் தையலைப் பார்க்க மற்ற டாக்டர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். புறநோயாளிகள் பிரிவு நர்ஸுக்கோ மேடம் என்றால் உயிர். பஸ் ஓட்டும் தன் கணவருக்குக் குடலிறக்கம் வந்தபோது, மேடம்தான் கத்தி வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்.

இப்படி இருக்கும்போதுதான் இளம் டாக்டர் ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தார். தையல் ஊசி பக்கத்தில் ஓடும் நரம்பைக் கவ்விவிடலாம், வலையைப் பசையால் ஒட்டினால் வலி குறையும் என்றார். நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இதென்ன கிழிஞ்ச நோட்டா, ஒட்டறதுக்கு?” என்று பொருமினாள். அவருக்குப் பசை டாக்டர் என்று பேர் வைத்த புண்ணியமும் அவளுடையதே.

மேடம் கோபப்படவில்லை. “வாய்ச்சண்டை எதுக்கு? செஞ்சு பார்த்துடுவோம்.”

சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குத் தையல், பாதிப் பேருக்குப் பசை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பின்னால் வலியை விசாரிக்கும் நர்ஸுக்கும் தெரியாது. இத்தனை வருஷம் சம்பாதித்த பேரைச் சீட்டில் வைத்துக் குலுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? தையல் ஜெயிக்க வேண்டுமே என்று நர்ஸ்தான் வேண்டாத சாமியில்லை.

ஒரு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். மறுபடி பிதுங்கியது இரண்டிலும் அபூர்வம். வலி இரண்டிலும் இல்லை. பசை டாக்டரின் முகம் தொங்கிவிட்டது. “பசையால ஒண்ணும் லாபமில்ல மேடம். தையலே இருக்கட்டும்.” நர்ஸுக்கு உச்சி குளிர்ந்தது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு கடையைக் கட்டியிருப்பார்கள்.

மேடம் நெற்றியைச் சுருக்கினார். “ஒருத்தருக்குக்கூடவா வலிக்கல? கத்தி வெச்ச இடம் அது. சிஸ்டர், நீங்க என்ன கேட்டீங்க?”

“வலி எப்படி இருக்குன்னுதான் மேடம்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“பரவாயில்லைன்னாங்க. வலி இல்லைன்னு போட்டேன்.”

மேடம் அவள் குறித்து வைத்ததைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, “உங்க வீட்டுக்காரர் அந்த வார்த்தையை எப்பெப்போ சொல்வார்?” என்று கேட்டார்.

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சாப்பாட்டுல உப்பு அள்ளிப் போட்டா சொல்வார். அவருக்கு வர வேண்டிய ப்ரமோஷன் அடுத்தவனுக்குப் போனப்போ சொன்னார். எங்கப்பா அவரை நாலு பேர் முன்னாடி திட்டினப்போ...” சிரிப்பு பாதியில் நின்றது.

“ஆக, வலிக்கும்போதுதான் சொல்றார்,” என்றார் மேடம். “எல்லாரையும் திரும்பக் கூப்பிடுங்க.”

இந்த முறை நர்ஸ் வாயைக் கேட்கவில்லை. மாடிப்படி ஏறச் சொன்னாள், குந்தி உட்கார்ந்து எழச் சொன்னாள், குனிந்து ஷூ கயிறு கட்டச் சொன்னாள். யார் பல்லைக் கடிக்கிறார்கள், யார் சுவரைப் பிடிக்கிறார்கள் என்று மட்டும் குறித்தாள். பிறகு யாருக்கு எது என்ற சீட்டோடு ஒத்துப் பார்த்தால், சுவரைப் பிடித்தவர்களில் பெரும்பாலானோர் தையல் வாங்கியவர்கள்.

மேடம் எழுந்து போய்ப் பசை டாக்டரின் தோளைத் தட்டினார். “வர்ற வாரத்துலேர்ந்து ஒட்டறதை எனக்குச் சொல்லிக் குடுங்க.” அந்த மனுஷர் பதறி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். இப்படியும் ஒரு பெரிய மனசு உண்டா என்று நர்ஸ் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் மேடம் சொல்லி அவள் தன் கணவரை அழைத்து வந்தாள். அவருக்குத் தைத்தது இந்தச் சோதனைக்கெல்லாம் முன்பு. க்ளட்சை மிதிக்கும் இடது கால் பக்கம். நாற்காலியில் உட்காரும்போது அவர் அந்தத் தொடையைக் கையால் தூக்கி வைத்தார். தினமும் வீட்டில் நடப்பதுதான். இன்றைக்குத்தான் அது நர்ஸின் கண்ணில் பட்டது. பாவி, இத்தனை நாள் என்னத்தைப் பார்த்தேன் என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

“உங்களுக்குத் தைச்சது நான்தான்,” என்றார் மேடம். “எனக்காகப் பார்க்காதீங்க. வலிக்குதா?”

அவர் மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “நல்லபடியா செஞ்சு விட்டவங்க முகத்தைப் பார்த்து எப்படிம்மா சொல்றது,” என்றார். பிறகு மெல்ல, “வலிக்குதும்மா. க்ளட்ச் மிதிக்கறப்பல்லாம் உயிர் போகுது.”

மேடம் தன் நாற்காலியை அவர் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“முதல்ல அந்த நரம்பு மரத்துப்போக ஊசி போட்டுப் பார்ப்போம்,” என்றார். “அதுல கேக்கலைன்னா, நான் போட்ட தையலை நானே பிரிச்சுடறேன்.”