லிஃப்ட்டுக்காரிக்கு ஐந்து வாசகர்கள்

பல் செட் செய்கிற பட்டறையின் பின்னறையில் ஐந்து நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சுவரலமாரி முழுக்க பிளாஸ்டரில் வார்த்த தாடைகள், வந்தவர்களை எண்ணுவதுபோல வாயைப் பிளந்துகொண்டு. எண்ண ஒன்றும் இல்லை. வந்தவள் ஒருத்திதான்.

வீட்டில் அவளுக்குப் பெயர் பட்டதாரி. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் என்று பெருமையாக வைத்தது. இப்போது குழாய் அடைத்துக்கொண்டால்கூட "பட்டதாரியக் கேளு" என்கிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் ஆஸ்பத்திரி பில்களைக் கணினியில் ஏற்றும் வேலை. பக்கத்து மேஜைக்காரிகள் சாப்பிடப் போகும்போது இவளைக் கூப்பிடுவதில்லை. பகை கிடையாது, ஞாபகம் வருவதில்லை. பகையாக இருந்தால் திட்டவாவது செய்யலாம்.

அந்தச் சாப்பாட்டு வேளையில்தான் போனில் 'லிஃப்ட்டுக்காரி' கிடைத்தாள். கயிறு அறுந்து லிஃப்ட்டோடு விழுந்து செத்த ஆபரேட்டர். பேயான பிறகு, மாடியிலிருந்து விழுகிறவர்களை ஒற்றைக் கையால் தாங்குவாள். உளுத்துப்போன கட்டடத்துக்குக் கையெழுத்துப் போட்ட இன்ஜினியரை உச்சிக்குத் தூக்கிப்போய், "இப்ப சொல்லுங்க சார், பலமா இருக்கா?" என்பாள். தனியாக இருப்பவர் கண்ணுக்கு மட்டும் தெரிவாள்; இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் புகை. இதே ஊரில் ஓர் அண்ணனும் தங்கையும் செய்கிற படக்கதை. எழுத்து அண்ணன், படம் தங்கை. தங்கைக்குப் பிழைப்பு பல் செட் என்பதால், வில்லன் சிரித்தால் கடைவாய்ப்பல்வரை கச்சிதமாக இருக்கும்.

மூன்றாம் அத்தியாயத்தின் கீழே, "யாரும் படிக்கிற மாதிரி தெரியல, நிறுத்திடலாம்னு இருக்கோம்" என்று போட்டிருந்தார்கள். பட்டதாரி அன்றைக்கே பொய்க் கணக்குகளில் நான்கு வாசகர்களைப் பெற்றுப்போட்டாள். ராக்கோழி எல்லாவற்றுக்கும் கைதட்டும். லூசு மாமா ஜோக்கடிப்பார். டீச்சரம்மா எழுத்துப்பிழை பிடிப்பாள். எல்லாரும் ஜால்ரா போட்டால் சந்தேகம் வருமே என்று நாலாவது ஆள், கறார்: "ஒண்டிக்கட்டையா எத்தனை நாள் சுத்துவா? அவளுக்கு ஒரு கூட்டாளி வேணும்." அந்தக் கறாரோடு தன் கணக்கிலிருந்து மல்லுக்கட்டியதும் இவளேதான்.

அண்ணனும் தங்கையும் கறார் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். புது அத்தியாயத்தில் லிஃப்ட்டுக்காரிக்கு ஒரு தோழி. கூடவே ஓர் அழைப்பு: ஐந்து பேரும் நேரில் வாங்க, புத்தகமா அச்சடிக்கிறதா வேண்டாமான்னு உங்களோட பேசித்தான் முடிவு. தனியாக இருப்பவருக்கு மட்டும் தெரிகிறவளுக்குத் தோழி எதற்கு, அவளைத் தூக்கியெறியச் சொல்லத்தான் பட்டதாரி கிளம்பி வந்தாள்.

"டீ ஆறுது, நீங்களாவது குடிங்க" என்றார் அண்ணன். "கறார் சார் வருவாரா? உங்களுக்கும் அவருக்கும்தான் ஏழாம் பொருத்தமாச்சே."

"ஆமா."

"அவர் வந்தாதாங்க எனக்குத் தைரியம். பாராட்ட யாரும் பாராட்டலாம். திட்டணும்னா ஒழுங்காப் படிச்சிருக்கணும்."

தங்கை தலைநிமிராமல் ஒரு பல்லை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "யாரும் வரலன்னா விட்டுடலாம்ணா. ஒருத்தங்களுக்காக எதுக்கு அச்சு? நேர்லயே கதையச் சொல்லி அனுப்பிடலாம்."

வாயை மூடினால் வராத நாலு பேரால் புத்தகம் நிற்கும். திறந்தால் இல்லாத நாலு பேரால் நிற்கும். பட்டதாரிக்குக் கோபம் வந்தது. அது அவளுக்கு எப்போதும் சுலபம்.

"வர மாட்டாங்க. எல்லாம் நான்தான்."

"எல்லாம்னா?"

"ராக்கோழி, மாமா, டீச்சர், எல்லாம். நிறுத்தறேன்னு சொன்னீங்களே, வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

அரம் நின்றது.

"கறாருமா?" நெருங்கிய சொந்தம் போன சேதி கேட்டவர்போல இருந்தது அண்ணன் குரல்.

"கறாரும்."

"அவர் சொன்னாருன்னு அந்தத் தோழிக்கு மூஞ்சி தேடித் தேடி இவ எத்தனை தாளக் கிழிச்சா தெரியுமா?"

"யார் தேடச் சொன்னா? சும்மா சண்டைக்கு எழுதினது அது!"

"சும்மாவா?" என்றாள் தங்கை. "மத்தவங்க ஒரு வரி எழுதுவாங்க. அந்தாளு மட்டும் பக்கம் பக்கமா எழுதினாரே."

தங்கை அடுத்த அத்தியாயத்தின் பென்சில் தாளை அவள் முன்னால் தள்ளினாள். லிஃப்ட்டின் மூலையில் சாய்ந்தபடி, லிஃப்ட்டுக்காரி பேசி முடிக்கட்டும் என்று தோழி காத்திருந்தாள். நன்றாக வரைந்திருந்தாள், பாவி.

"இவ இருக்கட்டுமா, வேண்டாமா?"

"இருக்கட்டும்" என்றாள் பட்டதாரி. "அச்சுக்குப் போகுமா?"

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கலந்து பேசிட்டு போன் பண்றோம்மா" என்றார் அண்ணன்.

வேலை தேடிய காலத்தில் எத்தனையோ அறைகளில் கேட்ட பேச்சுதான். எழுந்து வெளியே வந்தாள். பாதிப் படி இறங்கிய பிறகுதான் உறைத்தது, அவர்கள் நம்பரே கேட்கவில்லை. திரும்பி ஏறினாள். கதவைத் தட்டாமல் திறந்தாள்.

"எழுதிக்குங்க" என்று நம்பரைச் சொன்னாள்.

தங்கை அதே தாளின் ஓரத்தில், தோழியின் காலடியில் எழுதிக்கொண்டாள். "பேர்?"

"வாசகர்னு வேற யார் இருக்கா? நம்பர் போதும்."