வரியில் சிக்கிய குண்டு

வெண்டல் ஸ்கார் மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. பகலில் மண்சாலை சமன்படுத்தும் வண்டி ஓட்டும் வேலை. மாலையில் கொட்டகையில் துப்பாக்கித் தோட்டா செய்யும் வேலை. வெடிமருந்தின் அளவை அவன் மாற்றவில்லை. பித்தளை உறைக்குள் குண்டு இறங்கும் ஆழத்தை மட்டும், ஒரு தாளின் கனம் கூட்டியும் குறைத்தும், ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்த்தான். ஆழமாக இறக்கியவை சிதறின. வெளியே நீட்டி, துப்பாக்கிக் குழாயின் உள்ளே சுழன்றோடும் வரிகளில் மூக்கு அழுந்தும்படி வைத்தவை ஏறக்குறைய ஒரே ஓட்டையில் விழுந்தன. தற்செயலோ என்று மறுபடியும் சுட்டான். அதேதான்.

மொன்டானா மாநிலத் துப்பாக்கி சுடும் அணியில் ஒரே இடம் பாக்கி. இன்றைய போட்டியில் அது அவனுக்கு, இல்லாவிட்டால் ஜூன் பெக்ஸ்டட்டுக்கு.

சுடும் மைதானத்தில் பக்கத்துப் பாயில் குப்புறப் படுத்திருந்த ஜூன் அவன் தோட்டா ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"மூக்கு ரொம்ப நீளம்டா. வரியில மாட்டிக்கும்."

"மாட்டணும்னுதான் வச்சிருக்கேன்."

"சுட்டா சரி. சுடாம வெளிய எடுக்க வேண்டி வந்தா?"

"இருபது போடுவேன், இருபதும் சுடுவேன். எதுக்கு எடுக்கணும்?"

"மூஞ்சியப் பாரு, மூணு நாள் பொணம் மாதிரி. காபி குடிக்கிறியா?"

"கை ஆடும்."

இலக்கு அறுநூறு கெஜத் தூரத்தில். பதினேழு சுட்டு முடித்தபோது அவன் நான்கு புள்ளி முன்னால் இருந்தான். பதினெட்டாவதை உள்ளே தள்ளி, துப்பாக்கியின் பின்பூட்டான போல்ட்டை மூடினான். அந்த நேரம் பார்த்து ஆறு மான்கள் இலக்குகளுக்கு முன்னால் வந்து மேயத் தொடங்கின.

"நிறுத்துங்க," என்றார் போட்டி நடத்தும் ஹார்லன். "எல்லாரும் தோட்டாவ எடுத்துட்டு போல்ட்டத் திறந்து வைங்க."

வெண்டலின் கை தயங்கியது. வேறு வழியில்லை. மெல்ல இழுத்தான். உறை மட்டும் வந்தது. குண்டு வரியிலேயே நின்றுவிட, மருந்தெல்லாம் விசைக்குள் கொட்டியது.

"எடுத்தியா?" என்றாள் ஜூன்.

"பாதி."

அவள் சிரிக்கவில்லை. குழாய் துடைக்கும் தடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். குழாயின் முன்பக்கத்திலிருந்து தட்டியதும் குண்டு விழுந்தது. ஆனால் மருந்துத் துகள் அடைத்த விசை பிடிக்கவில்லை.

"இத வச்சு சுட விடமாட்டேன்," என்றார் ஹார்லன். "கழட்டி ஊதணும்."

"எவ்ளோ நேரம் தருவீங்க?"

"மான் போற வரைக்கும். அப்புறம் ரெண்டு நிமிஷம்."

வெண்டல் திருகாணிகளைக் கழற்றினான். போகாதே, இன்னும் கொஞ்சம் மேய் என்று அந்த மான்களை மனதுக்குள் கெஞ்சினான். அவை எதையோ கண்டு மிரண்டு ஒரே ஓட்டமாக ஓடின.

ஜூன் உடனே சுடவில்லை. "முடிச்சிடுவியா?"

சிறிய திருகாணி ஒன்று விரலிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்திருந்தது. "நீ சுடு ஜூன். எனக்காக நிக்காத."

ஜூன் சுட்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. அவன் நிமிர்ந்து பார்க்காமல் புல்லைத் தடவிக்கொண்டிருந்தான். ஹார்லன் நேரம் முடிந்தது என்றபோது, தோற்ற வருத்தத்தைவிட, இன்று மாலை கொட்டகைக்குப் போக வேண்டாம் என்பதே அவனுக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கப்பட்டான். பாயிலேயே தலை சாய்த்தான்.

"எந்திரி. அடுத்து சுடறவங்களுக்கு இலக்கு மாத்தற முறை நம்மளுது," என்றாள் ஜூன்.

எழுந்தான்.