பன்னிரண்டாவது தலைவர்

எங்கள் அமைப்பில் தலைவருக்கு மட்டும் பஞ்சமே இல்லை. ஊவா தூய சக்தி மற்றும் இயற்கைப் பாதுகாப்புக் கூட்டமைப்பு என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் பதுளை பஸ் போய்விடும். அதில் பதினொரு தலைவர்கள், ஒரு செயலாளர். உறுப்பினர் என்று ஓர் ஆள் கிடையாது.

செயலாளர் நான்தான், சிவசக்தி. கொஸ்லந்தவுக்கு மேலே ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். கூட்டமைப்பைத் தொடங்கிய அன்று யார் தலைவர் என்று மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும்வரை சண்டை. கடைசியில் அம்பலவாணர் ஐயா எழுந்து, "எல்லாரும் இணைத்தலைவராய் இருப்பம். பிரச்சினை முடிஞ்சுது" என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து மின் பொறியியலாளராக வந்து, ஓய்வுபெற்ற பிறகும் பதுளையிலேயே தங்கிவிட்டவர் அவர். என் கையில் பேனா இருந்ததால் நான் செயலாளரானேன். அன்றைக்குப் பேனாவை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

இரண்டு வருடத்தில் நாங்கள் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று. எங்கள் மேல் டிவிசன் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, மேலே ஓடும் ஓடையில் குழாய் போட்டு, சின்ன டைனமோ ஒன்றைச் சுற்றவிட்டு, வீட்டுக்கொரு பல்பு கொடுத்தோம். எங்கள் லயம் மண்சரிவு எச்சரிக்கை போட்ட இடம். ஆபத்தான இடம் என்று அங்கே மின்கம்பம் நட மாட்டார்கள். ஆபத்தான இடம் என்று ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றவும் மாட்டார்கள். அதனால் எங்கள் இருபது வீட்டுக்கும் அந்த ஓடைதான் கதி.

இருபது வீடு என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். வெளிச்சம் வந்தது பத்தொன்பது வீட்டுக்கு. அம்பலவாணர் ஐயாவின் கணக்குப்படி டைனமோ இருபது வீட்டுக்கும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் திறப்புவிழாவுக்கு முதல் வாரம் ரோட்டு முடக்கில் ஒரு பெயர்ப்பலகை வைத்தோம். பதினொரு தலைவர்களின் பெயரும் அதில் இருந்தது. இருட்டினால் பெயர் தெரியாதே என்று பெரகல கடைக்கார ஜஸீல் நானா கவலைப்பட்டார். அவரும் இணைத்தலைவர்தான், பலகையில் அவர் பெயர் கடைசியில் இருந்தது. பலகைக்கு மேலே இரண்டு பல்பு போட்டோம். அதற்கு மின்சாரம் வேண்டுமே என்று லயத்தின் கடைசிக் காம்பராவை, இருபதாம் நம்பரை, அடுத்த கட்டத்துக்கு ஒத்திவைத்தோம். அந்தத் தீர்மானத்தை எழுதியது என் கைதான். பிறகு ஐந்து கூட்டங்களில் 'இருபதாம் இலக்கம் அடுத்த கட்டத்தில் கவனிக்கப்படும்' என்று எழுதினேன். கையெழுத்து மட்டும் கூட்டத்துக்குக் கூட்டம் அழகாகிக்கொண்டே வந்தது.

இருபதாம் நம்பரில் இருப்பவர் மாரிசாமி அண்ணன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர், பேச்சு குறைவு. அவர் மனைவி ஜெயலெட்சுமி அக்கா குப்பிலாம்பைப் பிடித்துக்கொண்டு படியிறங்கும்போது இரண்டு தரம் விழுந்தார். இரண்டாம் தரம் விழுந்ததில் மணிக்கட்டு கோணிப்போய்விட்டது. அந்தக் கையோடுதான் இன்னமும் கொழுந்து பறிக்கிறார். அடுப்படியில் ஒரு பல்பு வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எங்கள் பத்தொன்பது வீட்டுக்கும் வெளிச்சம் வந்ததே அந்த மனிதரால்தான். ஓடைக்கரை முழுக்க டர்பன்டைன் மரங்கள். இலை விழுந்து, குழாய் வாயில் இருக்கும் கம்பிவலையை அடைத்துவிடும். கிளையை வெட்டலாம் என்றால் எங்கள் கூட்டமைப்பின் இயற்கைப் பாதுகாப்புப் பிரிவே ஒத்துக்கொள்ளாது. ஆகவே தினமும் விடிகாலையில், வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போவதற்கு முன்னால், மாரிசாமி அண்ணன் மார்பளவு தண்ணீரில் இறங்கி இலையை வாரிப் போடுவார். யாரும் அவரைக் கேட்கவில்லை. யாரும் நன்றி சொன்னதாகவும் எனக்கு ஞாபகமில்லை.

இப்படி இருக்கும்போது கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. இன்னும் இரண்டு ஓடைகளுக்கு டைனமோ தர யோசிக்கும் நிறுவனம் அது. றஷீதா என்ற அதிகாரி வந்து எங்கள் அடுத்த கூட்டத்தில் உட்காருவாராம், உறுப்பினர்களையும் சந்திப்பாராம். பதினொரு தலைவர்களுக்கும் ஒரே நேரத்தில் வியர்த்தது.

"உறுப்பினருக்கு எங்கை போறது?" என்றார் அம்பலவாணர் ஐயா.

மாரிசாமி அண்ணனைக் கூப்பிட்டனுப்பினோம். அவர் வந்து வாசலிலேயே நின்றார்.

"மெம்பரா? தோட்டத்துச் சங்கத்துல முப்பது வருசமா மெம்பருதாங்க. மாசாமாசம் சந்தா புடிச்சாங்க, வேற ஒண்ணும் நடக்கல. எனக்கு லைட்டு குடுங்க, போதும்."

"லைட் அடுத்த கட்டத்திலை…" என்று ஐயா இழுத்தார்.

ஜஸீல் நானாவுக்குப் பொறுமை போய்விட்டது. "என்னத்துக்கு ஐயா இவ்வளவு யோசன? அவரையும் தலைவராக்கிப் போடுங்களே. செலவா ஈக்கி?"

எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. உழைக்கும் மக்களிலிருந்து ஒரு தலைவர் என்று சொன்னால் கொழும்புக்கு எவ்வளவு எடுப்பாக இருக்கும்! அந்த ஞாயிற்றுக்கிழமையே மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, பன்னிரண்டாவது இணைத்தலைவராக்கினோம். புதிதாகத் தலைவராகிறவர்தான் அடுத்த கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், அவர் சொல்வதே முடிவு என்று நாங்கள் சட்டமே எழுதி வைத்திருந்தோம். ஜஸீல் நானா சேர்ந்தபோது அவரைச் சமாதானப்படுத்த எழுதியது. மாலை போட்ட அன்று மற்றச் சட்டங்களோடு அதையும் நான் கடகடவென்று வாசித்தேன்; சந்தோஷத்தில் அதன் விளைவு எங்களில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வரவில்லை. பதுளையில் தலைவர் என்றால் பலகையில் ஒரு பெயர். தோட்டத்தில் அப்படியில்லை. தோட்டத்தில் தலைவர் என்றால் துரையிடம் போய்ப் பேசுகிறவர். பெரட்டுக்கு வெள்ளைச் சட்டையோடு வந்து தள்ளி நிற்கிறவர். சேற்றில் காலை வைக்கிறவர் இல்லை. இது எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

திங்கட்கிழமை காலையில் மாரிசாமி அண்ணன் ஓடைக்குப் போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. காற்றுக் காலம் வேறு, டர்பன்டைன் இலை கொட்டோ கொட்டென்று கொட்டியது. புதன்கிழமை பொழுது சாயும்போது டைனமோ நின்றது. பத்தொன்பது வீடும், பெயர்ப்பலகையும் ஒன்றாக இருண்டன.

ஐந்தாம் நம்பரில் இருக்கும் விஜயலெட்சுமி அக்கா பதினொரு பேரில் ஒருவர், எங்கள் மாதர் பிரிவுக்குத் தலைவி. லயத்துச் சனமெல்லாம் அவர் வாசலில் கூடிவிட்டது. அவர் நேரே இருபதாம் நம்பருக்குப் போய் இடுப்பில் கைவைத்து நின்றார். நானும் பின்னால் போனேன்.

"ஏண்ணே, எலைய எடுக்கலியா?"

மாரிசாமி அண்ணன் பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருந்தார். "எந்தத் தலைவரும்மா இதுவரைக்கும் வாய்க்கால்ல எறங்குனாரு? ஒரு பேரு சொல்லு, நானும் எறங்குறேன்."

அக்கா பதினொரு பெயரையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்துக் கையை உதறினார். வெளியே வந்து என்னிடம், "அப்ப நான் மட்டும் எறங்கணுமா டீச்சர்? நானுந்தான் தலைவி!" என்றார். லயத்து ஆட்களோ, இது தலைவர்களின் மிஷின், தலைவர்களே பார்க்கட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். செயலாளர் அல்லவா, மாரிசாமி அண்ணனுக்கு முறைப்படி ஒரு கடிதம் எழுதினேன். அதை வாசித்துக் காட்ட அவர் வீட்டில் வெளிச்சம் இல்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு றஷீதா மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். அதற்கு முன்பே பதினொரு தலைவர்களும் வெள்ளையும் சொள்ளையுமாக ஓடைக்கரையில் வரிசையாக நின்று, யார் இறங்குவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்குச் சளி. ஜஸீல் நானாவுக்கு அன்றைக்கென்று புதுச் சப்பாத்து. அம்பலவாணர் ஐயா ஓர் உபகுழு அமைக்கலாம் என்றார். மாரிசாமி அண்ணன் மட்டும் பொன்னாடையோடு ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார்.

"இன்றைக்குக் கூட்டத்துக்குத் தலைமை யார்?" என்று மேடம் கேட்டார்.

நான் புத்தகத்தைப் புரட்டினேன். "மாரிசாமி அவர்கள்" என்றேன்.

அவர் எழுந்தார். "கூட்டம் இங்கயே நடக்கட்டுங்க. மொத தீர்மானம், எல்லாத் தலைவரும் எறங்கி எலைய எடுக்குறது. ரெண்டாவது தீர்மானம், போர்டு லைட்டக் கழட்டி இருபதாம் நம்பருக்குப் போடுறது."

"உது நிகழ்ச்சிநிரலிலை இல்லை!" என்றார் ஐயா.

"தலைம தாங்குறவரு சொல்றதுதான் முடிவுன்னு டீச்சரு எழுதி வச்சிருக்காங்களே, ஐயா."

மேடம் என் பக்கம் திரும்பினார். நான் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். அவர் படித்துவிட்டு மாரிசாமி அண்ணனிடம் கேட்டார்: "இவ்வளவு நாளும் யார் இறங்கி எடுத்தது?"

"நாந்தாங்க."

"உங்கள் வீட்டில் எத்தனை பல்ப்?"

"ஒண்ணும் இல்லீங்க."

அவர் அதைச் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் பதினொரு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

முதலில் அசைந்தது அம்பலவாணர் ஐயாதான். எழுபத்திரண்டு வயது. வேட்டியை மடித்துக் கட்டினார், மூக்குக்கண்ணாடியை என்னிடம் தந்தார், பாறையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "ஐயோ, இது ஐஸல்லோ!" என்று கத்தினார். பிறகு தண்ணீரில் நின்றபடியே மாரிசாமி அண்ணனைப் பார்த்து, "கணக்குப் பார்த்தது நான், தம்பி. பிழை என்ரை" என்றார். அந்தக் குரலை நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை.

ஐயா இறங்கிய பிறகு மற்றவர்கள் கரையில் நிற்க முடியுமா? விஜயலெட்சுமி அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்தார். ஜஸீல் நானா சப்பாத்தைக் கழற்ற மனமில்லாமல் கழற்றினார். முழங்கால் வலியும் சளியும் எங்கே போயின என்று தெரியவில்லை. ஆளுக்கு ஆள் இலையை வாரி அடுத்தவர்மேல் எறிந்தார்கள். ஒருவர் காலில் அட்டை ஏறிவிட, தேர்தலில் தோற்றதுபோல் அலறினார். மேடம் படமெடுத்துத் தள்ளினார். அடுத்த டைனமோவைப் பற்றிக் கேட்டபோது, "முதலில் வயரை மாற்றுங்கள், பிறகு பேசுவோம்" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயந்தரமே மாற்றினோம். ஈர வேட்டி காய்வதற்கு முன்பே ஐயா தன் கையால் இருபதாம் நம்பர் அடுப்படியில் பல்பை மாட்டினார். பல்பு எரிந்தது. ஜெயலெட்சுமி அக்கா முதலில் பல்பைப் பார்த்தார். பிறகு புருசனைப் பார்த்தார். கோணிய கையால் அவர் தலையைத் தொட்டு, "இம்புட்டு நரையா விழுந்துருச்சு ஒங்களுக்கு?" என்றார். மாரிசாமி அண்ணன் வெட்கப்பட்டு வெளியே போய்விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் இருக்கும்போது யாரோ ஓடைப்பக்கம் போகும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். மாரிசாமி அண்ணன். தோளில் பொன்னாடை இல்லை, பழைய சாக்குத்தான் இருந்தது. நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணே, நீங்க தலைவராச்சே?"

"எழுதிக்குங்க டீச்சர், நேத்தோட ராஜினாமா. தலைவரா இருந்ததால லைட்டு வந்துச்சு. அது எரியணும்னா யாராவது எறங்கணும்ல?"

சொல்லிவிட்டு இறங்கினார். கம்பிவலையில் ஒரே இரவில் ஒரு கூடை இலை. என் கையில் வழக்கம்போலப் பேனாவும் புத்தகமும் இருந்தன. அவற்றைப் பாறையில் வைத்தேன். செருப்பைக் கழற்றினேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறியதும் பல் கிட்டிப்போயிற்று. இந்தக் குளிரில்தான் இந்த மனிதர் இவ்வளவு காலமும் தினமும் நின்றிருக்கிறார்.

"அந்தப் பக்கத்து எலைய நீங்க எடுங்க" என்றார் மாரிசாமி அண்ணன். நான் எடுத்தேன்.